பேயை மறுப்போம், தாயை மறப்போமா?

காவலூர்!

சவ்வாது மலையிலே, மரங்கள் சூழ்ந்த மேட்டிலே, இரவு முழுதும் கண் விழித்திருக்கும் ஊர் அது. ஊரார் உறங்குவர், ஆடிகள் உறங்கா. 1968 முதல் அங்கே தொலைநோக்கிகள் வானத்தைத் துருவிக்கொண்டிருக்கின்றன. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனசுக் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தபோது, அதைக் கண்ட இடங்களின் வரிசையிலே காவலூருக்கும் ஓர் இடம் கிடைத்தது. 1986இல் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி கொண்ட பெருந்தொலைநோக்கி அங்கே கண் திறந்தது. வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது அந்த ஆய்வுக்கூடம்.

கோடானுகோடிக் கல்லுக்கு அப்பால் மினுக்கும் ஒளியையும் பிடித்து நிறுத்தி, "நீ யார்? எதனால் ஆனாய்?" என்று கேட்கிறான் மனிதன், அந்த மலையிலே!

அதே மலையிலேதான், சாமையும் தினையும் விதைத்து, புளியும் தேனும் சேர்த்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். மலையை ஆள்வோர் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் சொல். அவர்கள் நெஞ்சுக்குள் மினுக்கி மறையும் துன்பத்தைப் பார்க்கும் தொலைநோக்கி எது? அதைப் பிடித்திருப்பவர் யார்? "நீ யார்? எதனால் வாடினாய்?" என்று அவர்களைக் கேட்டவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை எண்ணும்போது ஒரு காட்சி மனத்திலே எழுகிறது. நடந்த கதை என்று சொல்ல வரவில்லை. நடக்கக்கூடியது, நாள்தோறும் எங்கோ நடப்பது. உளநல ஆலோசகராகப் பயிற்சி பெறும் ஓர் இளம்பெண், அப்படியொரு மலையூருக்குப் போகிறாள். நகரத்திலே படித்தவள். நம் கூட்டங்களுக்கு வந்தவள், நம் ஏடுகளைப் படித்தவள் என்றே வைத்துக்கொள்வோம். பேய், பில்லி, சூனியம் என்பவை மடமையின் குழந்தைகள் என்று அவளுக்குத் தெரியும். அவள் எதிரே ஒரு தாய். தாயின் பக்கத்திலே பதினெட்டு வயது மகள். உறக்கமில்லை, தனக்குத்தானே பேசுகிறாள், உணவைத் தள்ளுகிறாள், மாலையானால் கத்துகிறாள். கோடாங்கியிடம் போனார்கள், உடுக்கை அடித்தாயிற்று, எலுமிச்சம்பழம் அறுத்தாயிற்று. இப்போது இங்கே வந்திருக்கிறாள் தாய்.

அவள் கேட்கிறாள்: "ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லு. பேய் உண்டா, இல்லையா?"

தோழர்களே, அந்தப் பெண் என்ன விடை சொல்ல வேண்டும்? மேடையிலே இந்தக் கேள்விக்கு விடை எளிது. கைதட்டலும் கிடைக்கும். மண் தரையிலே, ஒரு தாயின் முகத்துக்கு நேரே, அது எளிதன்று. பகுத்தறிவாளன் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஒவ்வோர் இளைஞனும் எதிர்கொள்ள வேண்டிய அறக்கேள்வி இது. உண்மைக்கும் இரக்கத்துக்கும் இடையே பகை உண்டா? மூடநம்பிக்கையை எதிர்ப்பவன், நம்புகிறவனை எப்படி நடத்த வேண்டும்?

அவள் முன்னே இரண்டு எளிய வழிகள் உள்ளன. முதல் வழி: "உண்டம்மா, உண்டு! அதை ஓட்ட இந்த மாத்திரை" என்று சொல்வது. தாய் மகிழ்வாள், மாத்திரையும் உள்ளே போகும். நோக்கம் நல்லது, சிறிய பொய்தானே என்பர் சிலர்.

சிறிய பொய்யா அது? எண்ணிப் பாருங்கள். அந்தப் பொய் தாயைக் குழந்தையாக்குகிறது. "உண்மையைத் தாங்க உனக்கு வலிமையில்லை, உன்னைத் தந்திரத்தால்தான் நடத்த முடியும்" என்று சொல்லாமல் சொல்கிறது. மலைமகளைப் பற்றிச் சமவெளியான் எப்போதும் கொண்டிருந்த இறுமாப்புத்தானே இது! அன்பு என்ற போர்வை போர்த்திக்கொண்டால் இறுமாப்பு அன்பாகிவிடுமா?

மேலும், பேய் உண்டு என்று படித்தவளே சொல்லிவிட்டால், நாளை அந்தப் பேயை ஓட்டச் சாட்டையை எடுப்பவனை எப்படித் தடுப்பது? சங்கிலியைக் கொண்டு வருபவனிடம் என்ன சொல்வது?

சங்கிலி என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டத்தின் அந்தக் கடலோர ஊரிலே, தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை வைத்துக் காத்த தனியார் இல்லங்களுள் ஒன்றிலே விடியற்காலையில் தீ மூண்டது. ஓலைக் கொட்டகை. ஓட வேண்டிய கால்களிலே சங்கிலி! 28 பேர் மாண்டனர். நெருப்பு கொன்றது என்று எழுதினார்கள். நெருப்பு மட்டுமா கொன்றது? மனம் நலிந்தவனைக் கட்டிவைக்கலாம் என்ற எண்ணமல்லவா முதலில் கொன்றது! பெற்றவர்கள் கொடியவர்களா? இல்லை. வேறு வழி அறியாதவர்கள். வேறு வழி அறிவிக்கப்படாதவர்கள். நம்பிக்கை அவர்களை அங்கே அழைத்துச் சென்றது. ஏழ்மை அங்கே விட்டுவரச் செய்தது. அந்த நம்பிக்கையையும் ஏழ்மையையும் வணிகமாக்கியவர் பூட்டைப் போட்டனர்.

ஆகவே, முதல் வழி வேண்டாம். பொய் எவ்வளவு இனித்தாலும், அதன் கடைசிக் கண்ணி ஒரு சங்கிலியிலே போய் முடியக்கூடும்.

இரண்டாவது வழி, நம்மில் பலருக்குப் பிடித்தது. "பேயாவது, பிசாசாவது! எல்லாம் பித்தலாட்டம். விண்ணை அளக்கும் ஊரின் பக்கத்திலே இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறாயே!" என்று அடித்துச் சொல்வது.

சொன்னது உண்மை. ஆனால் என்ன நடக்கும்? தாய் எழுந்து போவாள். மகளையும் அழைத்துக்கொண்டு போவாள். நமது வாதம் வென்றிருக்கும், நோய் தோற்றிருக்காது. 2015-16இல் நாடு தழுவி நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு சொல்வதென்ன? மனநலக் குறைகளுக்கு ஆளானோரில், குறையின் வகைக்கேற்ப, நூற்றுக்கு எழுபது பேர் முதல் தொண்ணூறு பேருக்கும் மேல் மருத்துவம் கிட்டாதவர்கள்! வந்து நிற்பதே அரிது. வந்து நின்றவளையும் ஏளனம் செய்து அனுப்பிவிட்டு, "பகுத்தறிவு வென்றது" என்று மார்தட்டுவதா?

அதற்கும் மேலே ஒன்று. பண்பாட்டின் பொதியிலே பதர் மட்டுமா இருக்கிறது? நெல்லும் இருக்கிறதே! பதரோடு நெல்லையும் கொளுத்துபவன் உழவனல்லன்.

ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பெங்களூர்த் தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ரகுராமும் அவர் குழுவினரும், தமிழ்நாட்டிலே வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரின் முத்துசாமி கோயிலுக்கு 2000ஆம் ஆண்டு போனார்கள். கடும் மனநோய் கொண்டவர்கள் அங்கே வந்து தங்குவது வழக்கம். அப்படித் தங்கிய 31 பேரை, வந்தபோதும் புறப்பட்டபோதும், மருத்துவ அளவுகோல் கொண்டு அளந்தார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது! 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழிலே இது வெளிவந்தது.

உடனே ஆத்திகத் தோழர் துள்ளிக் குதிப்பார்: "பார்த்தீரா, முத்துசாமியின் அருளை!" பொறும், ஐயா, பொறும். என்ன நடந்தது அங்கே என்று பாரும். பேயோட்டும் சடங்கு எதுவும் பெரிதாக நடைபெறவில்லை. வந்தவர் கோயிலைப் பெருக்கினர். செடிக்கு நீர் வார்த்தனர். எளிய பணிகளைச் செய்தனர். வீட்டார் ஒருவர் உடனிருந்தார். அடிப்பாரில்லை, விரட்டுவாரில்லை, "பைத்தியம்" என்று சிரிப்பாரில்லை. உணவும் உறக்கமும் உழைப்பும் உறவும் இருந்தன, அச்சம் இல்லை. கல் குணப்படுத்தவில்லை, தோழர்களே; கல்லைச் சுற்றி நின்ற மனிதர் குணப்படுத்தினர்!

பகுத்தறிவாளன் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 31 பேர் என்பது சிறு தொகை. கோயிலுக்குப் போகாத இன்னொரு கூட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எனவே இதிலிருந்து "கோயிலே மருத்துவமனை" என்று முடிவு கட்ட இயலாது. ஆனால், "மாத்திரை மட்டுமே மருந்தன்று; மனிதச் சூழலும் மருந்தே" என்ற ஐயத்தை அது எழுப்புகிறது. நல்ல ஐயத்தை எவர் எழுப்பினாலும் வரவேற்பதுதானே நம் வழக்கம்?

இந்த உண்மையைக் கோயில் மட்டும் அறிந்திருக்கவில்லை, மருத்துவமும் கண்டறிந்தது. சவ்வாது மலையிலிருந்து இறங்கினால் வெகு தொலைவிலில்லை வேலூர். அங்கே பாகாயத்திலே கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தோன்றியது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சுவருக்குள் அடைப்பதே உலக வழக்காயிருந்த காலம் அது. அந்த மையமோ குடும்பத்தையும் உடன் தங்கச் செய்தது. அமிர்தசரசிலே மருத்துவர் வித்தியாசாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினரைத் தங்கவைத்தார். ஆப்பிரிக்காவிலே, நைசீரிய நாட்டு மருத்துவர் லாம்போ, 1954 முதல் அபயோகூட்டா நகரையடுத்த ஆரோவில் நோயாளிகளைச் சிற்றூர் வீடுகளிலே உறவினரோடு தங்கவைத்து, நாட்டு வைத்தியரையும் துணைக்கழைத்து மருத்துவம் செய்தார்.

சிம்பாப்வே நாட்டின் கதை இன்னும் சுவையானது. மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கியது அது. மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க நாடு. என்ன செய்தார் அவர்? பாட்டிமார்களைத் தேடினார்! மருத்துவமனை முற்றத்திலே மரப்பலகை இருக்கை ஒன்று. அதிலே ஒரு பாட்டி. துன்பம் கொண்டவர் பக்கத்திலே உட்கார்ந்து பேசலாம். "மனச்சோர்வு நோய்" என்று அந்தப் பாட்டி சொல்வதில்லை. சோனா மொழியிலே மக்கள் வழங்கும் சொல்லையே சொல்கிறாள்: குஃபுங்கிசிசா, அதாவது அளவுக்கு மீறி எண்ணியெண்ணி மாய்தல். பிறகு, "உன் தொல்லைகளை வரிசைப்படுத்து. முதலில் எதைத் தீர்க்கலாம்?" என்று கேட்கிறாள். பூசையில்லை, மந்திரமில்லை, முறையாகப் பயிற்றப்பட்ட அறிவு வழி, பாட்டியின் வாய்மொழியிலே! 2016இல் வெளியான ஆய்விலே, ஆறு மாதத்துக்குப் பிறகு, வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் பாதிப்பேருக்கு மனச்சோர்வின் குறிகள் இருந்தன. பாட்டியின் பக்கத்தில் அமர்ந்தவர்களிலோ நூற்றுக்குப் பதினான்கு பேருக்கே!

நம் மக்கள் மட்டும் சொல்லில்லாதவர்களா? "மனசு பாரமா இருக்கு" என்கிறாள் ஒருத்தி. "நெஞ்சை அடைக்குது" என்கிறாள் இன்னொருத்தி. "ஒரே யோசனையா இருக்கு" என்கிறான் கடன்பட்டவன். இவை நோய்க்குறிப்புகள், தோழர்களே! இந்தச் சொற்களைக் காதுகொடுத்துக் கேட்காமல், மேல்நாட்டு நூலிலே கண்ட சொல்லைக் கொண்டுவந்து அவர்கள் தலையிலே சூட்டினால், அது மருத்துவமாகாது; மொழிபெயர்ப்புத் தேர்வாகும். மக்கள் மொழியிலே ஆட்சி வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். மக்கள் மொழியிலே மருத்துவமும் வேண்டும் என்று கேட்க வேண்டாமா?

இன்னும் ஒருபடி போக வேண்டும். மனத்தை மட்டும் பார்ப்பவர், மனிதனைப் பார்ப்பதில்லை.

2015 ஏப்ரல் 7. ஆந்திர மாநிலத்துச் சேசாசலக் காட்டிலே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேர் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தமிழர்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கூலிக்குப் போன ஏழைகள். மலைவாழ் மக்களும் அவர்களிடையே இருந்தனர். அப்படிப் போன ஒருவனின் மனைவிக்கு உறக்கம் வரவில்லை என்றால், அது நோயா? நோய்தான், மருத்துவம் வேண்டும். ஆனால் அவள் மூளையிலே மட்டுமா அந்த நோய் பிறந்தது? உள்ளூரிலே வேலையில்லாமையிலே, தரகனின் முன்பணத்திலே, கேட்பாரற்ற சாவிலே பிறந்தது. அவளிடம் "ஆழ்ந்து மூச்சு விடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பும் ஆலோசனை அரைகுறை. அதுவும் ஒருவகை மந்திரித்தலே! உறங்க மருந்து தரவேண்டும். உதவித்தொகைக்கு மனு எழுதவும் உடன் போக வேண்டும். ஒப்பாரி வைத்து அழ அவளைச் சுற்றி நாலு பெண்கள் வேண்டும். நீதி கேட்க நாலு பேர் குரலும் வேண்டும். யாழ்ப்பாணத்திலே போரின் நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், புண்பட்டது தனியாள் மட்டுமன்று, சமுதாயமே புண்பட்டிருக்கிறது என்று எழுதினார். சமுதாயப் புண்ணுக்குத் தனியாள் மாத்திரை போதுமா?

முழுமை நோக்கு என்கிறார்களே, அது இதுதான். உடலை, உள்ளத்தை, உறவை, ஊரை, உரிமையைச் சேர்த்துப் பார்ப்பது.

அப்படியானால் பண்பாட்டுக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதா? இல்லை, இல்லை! இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். "எங்கள் பண்பாடு" என்று ஒருவன் சொல்லும்போது, "யாருடைய பண்பாடு?" என்று கேட்பது நம் கடமை. ஊர்ப் பெரியவரின் பண்பாடா? பூசாரியின் பண்பாடா? அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணின் வாய் அதிலே பேசுகிறதா? விரும்பாத மணத்துக்கு உடன்படாத பெண்ணுக்குப் பேய் பிடித்ததாகச் சொல்லி வேப்பிலை அடித்த கதைகள் நம் ஊர்களிலே குறைவா? நேராகச் சொன்னால் அடிவிழும் சொல்லை, சாமியாடும்போது மட்டும் சொல்லத் துணியும் மருமகள்கள் எத்தனை பேர்! பேய் பேசுகிறது என்கிறார்கள்; பேசுவது பேயன்று, பேசவிடாத வாழ்வு.

அறிவியலின் பெயரைச் சொன்னாலும் இதே விழிப்பு வேண்டும். 1851இல் அமெரிக்க மருத்துவர் கார்ட்ரைட் என்பவர், பண்ணையை விட்டுத் தப்பி ஓடும் நீக்ரோ அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாகச் சொல்லி, அதற்கொரு பெயரும் சூட்டினார். விடுதலை வேட்கைக்கு நோய் என்று பெயர்! ஒத்த பாலினரிடை அன்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியதே 1973இல்தான். பண்பாடு என்ற ஆடையையும் ஆதிக்கம் அணியும். அறிவியல் என்ற ஆடையையும் அணியும். வேறுபாடு என்னவெனில், அறிவியல் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வழியை வைத்திருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் காப்பதே பகுத்தறிவு.

ஆகவே, எந்த வழக்கம் முன்னே வந்தாலும், கோடாங்கியுடையதாயினும் மருத்துவமனையுடையதாயினும், மூன்று கேள்விகளைக் கேட்போம். இது மனிதனைக் கட்டுகிறதா, அடிக்கிறதா? இது வேறு உதவியைத் தடுக்கிறதா? துன்பப்படுகிறவளின் குரல் இதிலே கேட்கிறதா? கட்டும் வழக்கத்தை எதிர்ப்போம். தடுக்கும் வழக்கத்தைத் தகர்ப்போம். குரலை அடக்கும் வழக்கத்தைக் கேள்வி கேட்போம். எவரையும் வதைக்காத பாட்டும் பறையும், கூடி உண்ணலும், கூடி அழுதலும், உறவும் இருந்துவிட்டுப் போகட்டும். அவை மக்களின் சொத்து, பூசாரியின் சொத்தன்று. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. மருத்துவம் பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. சட்டம் மலையேற வேண்டும். அதை ஏற்றிச் செல்லும் கால்கள் இளைஞர்களுடையவை.

இனி, காத்திருக்கும் அந்தத் தாயிடம் திரும்புவோம்.

"பேய் உண்டா, இல்லையா?"

பயிற்சிப் பெண் சொல்கிறாள்: "அம்மா, பேய் உண்டுன்னு நான் நம்பலைங்க. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க பொண்ணு படுற வேதனை நெசம். அதை நான் நம்புறேன். மருந்தால குறையக்கூடியதுதான் இது."

தாய் சிறிது நேரம் பேசாதிருக்கிறாள். பிறகு, "ஆடி மாசம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு வேண்டியிருக்கேனே?" என்கிறாள்.

"போங்கம்மா. மாத்திரையையும் கையோட எடுத்துட்டுப் போங்க. கட்ட விடாதீங்க, அடிக்க விடாதீங்க. போகணுமான்னு உங்க பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

மகளின் பக்கம் திரும்புகிறார்கள் இருவரும். அந்தப் பெண் மெல்லச் சொல்கிறாள்: "இத்தனை நாளா எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. இன்னிக்குத்தான் கேக்குறாங்க."

கொள்கைத் தோழர் ஒருவர் கடிந்துகொள்ளக்கூடும்: "கோயிலுக்குப் போ என்று சொல்லலாமா? இது சறுக்கல் அல்லவா?" சறுக்கலன்று, தோழரே. அவள் பொய் சொல்லவில்லை. தன் கருத்தை மறைக்கவில்லை. தாயின் விடுதலையைத் தாயிடமே விட்டாள். மகளின் விடுதலையை மகளுக்கு மீட்டுக் கொடுத்தாள். நாளை மருந்து வேலை செய்து மகள் உறங்கும்போது, பேய் எங்கே போயிற்று என்று தாயே எண்ணத் தொடங்குவாள். எண்ணாவிட்டாலும் போகட்டும், மகள் உறங்குகிறாளே! நம்பிக்கையை மாற்றுவது நீண்ட பணி. நோயாளியின் பாயருகே அதை ஓர் இரவிலே முடித்துவிட வேண்டும் என்று துடிப்பது, நம் வெற்றியை அவள் நலத்துக்கு மேலே வைப்பதாகும். பகுத்தறிவு மனிதனுக்காக, மனிதன் பகுத்தறிவின் பலிபீடத்துக்காக அல்லன்.

விண்மீனை நோக்குபவன் அதைப் பார்த்து, "ஏன் இப்படி மினுக்குகிறாய்?" என்று சினப்பதில்லை. பொறுமையாகப் பார்க்கிறான், பதிவு செய்கிறான், காரணம் தேடுகிறான். அந்தப் பொறுமையிலே பாதியையாவது பக்கத்துக் குடிசையின் தாய்க்குத் தரக்கூடாதா நாம்?

இளைஞனே! பேயை மறுத்துப் பேச உனக்கு நாவன்மை உண்டு. அந்தத் தாயின் பக்கத்திலே தரையிலே உட்கார்ந்து கேட்க நேரம் உண்டா?